வடிவமைப்புடன் எழுதிய கட்டுரையைப் பக்கத்திலேயே திருத்தி வழங்கிக்கு அனுப்புவது எப்படி?

பொதிகைவாசல் எழுதியது:

வணக்கம். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் காலாண்டிதழுக்காக ஜாங்கோவில் (பைதான் மொழியில் தளங்களைக் கட்டும் சட்டகம்) ஒரு சிறிய தளம் நடத்துகிறோம். கட்டுரையாளர்கள் மின்னஞ்சலில் அனுப்பும் வேர்டு கோப்புகளை இதுவரை நாங்களே ஏற்றி வந்தோம். இனி அவர்களே உள்நுழைந்து துணைத்தலைப்பு, தடித்த எழுத்து, மேற்கோள், கவிதை வரிகள் ஆகியவற்றுடன் எழுதவும், வெளியான பின் திருத்தவும் வழி செய்ய விரும்புகிறோம். படிவத்தின் எழுத்துப்பெட்டியான டெக்ஸ்ட்ஏரியாவில் வெறும் எழுத்து மட்டுமே நிற்கும் என்பதால், பக்கத்தின் ஒரு பகுதியைக் குறிக்கும் டிவ் உறுப்புக்கு, அதை அங்கேயே திருத்தவிடும் கன்டென்ட்எடிட்டபிள் பண்பைக் கொடுத்துப் பார்த்தேன். பக்கத்தில் நன்றாகத் திருத்த முடிகிறது. ஆனால் ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தினால் தலைப்பு மட்டும் வழங்கிக்கு (சர்வருக்கு) வந்து சேர்கிறது, கட்டுரை வருவதில்லை. இதைச் சரிசெய்து இதே வழியில் தொடரலாமா, அல்லது ஆயத்தமான எடிட்டர் ஒன்றைச் சேர்ப்பது நல்லதா? வந்து சேரும் எச்டிஎம்எல்லை அப்படியே தரவுத்தளத்தில் வைத்துவிடலாமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

நிரல்வாசி எழுதியது:

வணக்கம். படிவம் அனுப்பப்படும்போது பெயர் கொடுக்கப்பட்ட இன்புட், டெக்ஸ்ட்ஏரியா, செலக்ட் போன்ற உறுப்புகளின் மதிப்பை மட்டுமே உலாவி திரட்டுகிறது. டிவ் அந்த வகையில் சேராது. ஆகவே அதற்குள் எவ்வளவு எழுதினாலும் அது பயணப்படுவதில்லை. படிவத்திற்குள் மறைவான இன்புட் ஒன்றை வைத்து, சப்மிட் நிகழ்வின்போது டிவ்வின் இன்னர்எச்டிஎம்எல்லை (அதன் உள்ளிருக்கும் எச்டிஎம்எல் முழுவதையும்) அதில் நகலெடுத்தால் கட்டுரை வந்து சேர்ந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஸ்கிரிப்ட்டில் இருந்து படிவத்தின் சப்மிட் செயற்கூற்றை நேரடியாக அழைத்தால் அந்த நிகழ்வு எழுவதே இல்லை, ரிக்வெஸ்ட்சப்மிட் என்பதை அழைத்தால்தான் எழும்.

ஆனால் இதே வழியில் தொடர வேண்டாம் என்பதே என் கருத்து. கன்டென்ட்எடிட்டபிள் 2000இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5உடன் வந்தது. அதனோடு சேர்த்துப் பயன்படுத்தும், தடித்த எழுத்து போன்ற வடிவமைப்பைச் செய்யும் எக்ஸெக்கமாண்ட் கட்டளை இப்போது வழக்கொழிந்ததாகக் குறிக்கப்பட்டுவிட்டது. எல்லா உலாவிகளும் ஒரே விதமாக நடந்துகொள்ளும்படி அது ஒருபோதும் முழுமையாக வரையறுக்கப்பட்டதும் இல்லை. என்டர் விசைக்கு ஓர் உலாவி டிவ் டேக்கைப் போடும், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பத்திக்குரிய பி போட்டது, பழைய ஃபயர்ஃபாக்ஸ் வரிமுறிவான பிஆர் மட்டும் போட்டது. உங்கள் இதழில் கவிதைகளும் வரும் என்கிறீர்கள். பத்திக்கு என்டர், கவிதையின் அடுத்த அடிக்கு ஷிஃப்ட்டுடன் என்டர் என்ற வேறுபாடு எல்லாக் கணினிகளிலும் ஒரே விதமாக இருந்தால்தான் அச்சுப்பக்கம் ஒழுங்காக வரும்.

ஆயத்தமான எடிட்டர்களில் ட்ரிக்ஸ் மறைவான இன்புட்டைத் தானே பார்த்துக்கொள்கிறது. எளிய தேவைக்கு அது போதும். துணைத்தலைப்பு, மேற்கோள் என்று அமைப்பு முக்கியமான இடத்தில் நான் ப்ரோஸ்மிரர், அல்லது அதன் மேல் கட்டப்பட்ட டிப்டேப்பைத் தேர்ந்தெடுப்பேன். எந்தெந்த வகைப் பகுதிகள் ஆவணத்தில் இருக்கலாம் என்பதை ஒரு ஸ்கீமாவாக முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். வேர்டில் இருந்து ஒட்டும்போது கூடவே வரும் எம்எஸ்ஓநார்மல் வகுப்புகளும் கணக்கற்ற ஸ்டைல்களும் ஸ்கீமாவில் இடமில்லாததால் உள்ளே நுழைவதில்லை. இன்னொன்று: வெறுமையான எடிட்டரும் பெரும்பாலும் ஒரு காலிப் பத்தியை அனுப்பும். ஆகவே ‘கட்டுரை கட்டாயம்’ என்ற சோதனையை எச்டிஎம்எல் சரத்தின் நீளத்தை வைத்துச் செய்யாமல், டேக்குகளை நீக்கியபின் எழுத்து எஞ்சுகிறதா என்று பார்த்துச் செய்யுங்கள்.

வழங்கிக்காவலர் எழுதியது:

கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் இதில் அதுவே முதன்மையானது. அப்படியே வைக்கக் கூடாது. எடிட்டர் எவ்வளவு கண்டிப்பானதாக இருந்தாலும் அது கட்டுரையாளருடைய உலாவியில் ஓடுகிறது. உள்நுழைந்த எவரும் எடிட்டரைத் தொடாமல், கர்ல் போன்ற கருவியால் தான் விரும்பிய எச்டிஎம்எல்லை உங்கள் முகவரிக்கு நேரே அனுப்ப முடியும். அதில் ஸ்கிரிப்ட் இருந்தால், கட்டுரையை வாசிக்கும் ஒவ்வொருவருடைய உலாவியிலும் அது ஓடும், கட்டுரையைச் சரிபார்க்கத் திறக்கும் ஆசிரியருடைய உலாவியிலும் ஓடும்.

2005 அக்டோபரில் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் நடந்தது இதுவே. பயனர்கள் தங்கள் பக்கத்தை எச்டிஎம்எல்லால் அழகுபடுத்த அங்கு அனுமதி இருந்தது. ஆபத்தான டேக்குகளையும் ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்ற சொல்லையும் தளம் நீக்கிவந்தது. சாமி கம்கார் என்ற பயனர் அந்தச் சொல்லின் நடுவே ஒரு வரிமுறிவை வைத்தார். வடிகட்டிக்கு அது வேறு சொல்லாகத் தெரிந்தது, சில உலாவிகள் அதையே ஜாவாஸ்கிரிப்டாகப் படித்தன. 20 மணி நேரத்திற்குள் 10 லட்சத்திற்கும் மேற்பட்ட கணக்குகளுக்கு அவருடைய ஸ்கிரிப்ட் பரவியது. தீயவற்றைப் பட்டியலிட்டு நீக்கும் முறை ஏன் நிற்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே அனுமதிப்பவற்றைப் பட்டியலிடுங்கள். உங்கள் இதழுக்கு பி, பிஆர், எச்2, எச்3, ஸ்ட்ராங், எம், பிளாக்கோட், யூஎல், ஓஎல், எல்ஐ, ஏ ஆகியவை போதும். பண்புகளில் இணைப்பின் எச்ரெஃப் ஒன்றே போதும்; அதிலும் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், மெயில்டு ஆகியவை தவிர வேறு எந்தத் தொடக்கமும் ஏற்கப்படக் கூடாது. பைதானில் இதற்குப் பலரும் ப்ளீச் என்ற தொகுப்பைப் பயன்படுத்தி வந்தார்கள்; 2023 ஜனவரியில் அதன் வளர்ச்சி நிறுத்தப்படுவதாக அறிவித்துவிட்டார்கள். இப்போது எழுதுவோர் என்எச்3 என்ற தொகுப்பை எடுத்துக்கொள்வது நல்லது. டேக்குகள், பண்புகள், முகவரித் தொடக்கங்கள் மூன்றையும் அதன் க்ளீன் செயற்கூற்றிடம் தனித்தனியே கொடுக்கலாம். ரெகுலர் எக்ஸ்பிரஷனால் (எழுத்துக்கோலத் தேடலால்) நீங்களே டேக்குகளை வெட்ட முயல வேண்டாம். ஜாங்கோ வார்ப்புருவில், எச்டிஎம்எல்லை மாற்றாமல் அப்படியே காட்டச் சொல்லும் சேஃப் வடிகட்டியை, இப்படிச் சுத்தம் செய்து சேமித்த அந்த ஒரு புலத்திற்கு மட்டுமே போடுங்கள்.

படங்களையும் கவனிக்க வேண்டும். ஒட்டப்படும் படத்தைச் சில எடிட்டர்கள் பேஸ்64 சரமாக (படத்தை எழுத்துகளாக மாற்றிய வடிவில்) எச்டிஎம்எல்லுக்குள்ளேயே திணித்துவிடும். அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். கோப்புகளாக வருவதைத் தவிர்த்த மற்ற படிவத் தரவுக்கு ஜாங்கோ இயல்பாக வைத்திருக்கும் வரம்பு 2.5 எம்பி. கைபேசியில் எடுத்த ஒரு படமே அதைத் தாண்டி, முழுக் கட்டுரையும் 400 பிழையுடன் திரும்பிவிடக்கூடும். படத்தைத் தனிக் கோப்பாக ஏற்றிவிட்டு, உங்கள் சொந்தத் தளத்து முகவரியை மட்டும் கட்டுரையில் வையுங்கள்; அப்போது மேலே சொன்ன பட்டியலில் ஐஎம்ஜி டேக்கையும் அதன் எஸ்ஆர்சி பண்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொதிகைவாசல் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. டிப்டேப்பையும் என்எச்3ஐயும் வைத்துச் சோதனைப் பக்கம் ஒன்றை அமைத்தேன். ஆங்கிலக் கலப்புள்ள கட்டுரைகள் உட்படப் பெரும்பாலானவை சரியாக வருகின்றன. ஆனால் இலங்கையில் இருந்து எழுதும் மூத்த கட்டுரையாளர் ஒருவர் வேர்டில் இருந்து ஒட்டியபோது, தமிழ்ப் பகுதி முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறிவிட்டது. வேர்டில் அது நன்றாகவே தெரிகிறது. இது வடிகட்டியின் வேலையா?

சுவடித்திரட்டு எழுதியது:

அவர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பார். அத்தகைய எழுத்துருக்களில் கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுப்பது எழுத்துரு. எடிட்டர் எழுத்துருவின் பெயரை நீக்கியதும் அடியில் இருந்த ஆங்கில எழுத்துகள் வெளியே தெரிகின்றன. எழுத்துருப் பெயரை அனுமதித்தாலும் பயனில்லை: பாமினி இல்லாத கைபேசியில் அதே குவியல்தான் தெரியும், தேடுபொறிக்கும் அது தமிழாகத் தெரியாது.

யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும், அதுவும் எடிட்டர் சுத்தம் செய்வதற்கு முன்பே. வழங்கிக்கு வந்த பிறகு எந்தப் பகுதி பாமினி, எந்தப் பகுதி மெய்யான ஆங்கிலம் என்று அறிய வழியில்லை. பேஸ்ட் நிகழ்வில் கிளிப்போர்டின் எச்டிஎம்எல் வடிவத்தை எடுத்து, பாமினி என்று குறிக்கப்பட்ட பகுதிகளை மட்டும் மாற்றிவிட்டு, பிறகு எடிட்டரிடம் கொடுங்கள். மாற்றத்தை எச்டிஎம்எல் சரத்தின் மேல் நேரடியாகச் செய்ய வேண்டாம். பாமினியில் ‘ஈ’ என்ற எழுத்து அமர்ந்திருக்கும் இடம், டேக்கைத் தொடங்கும் கோணக்குறியின் இடம். சரத்தின் மேல் மாற்றினால் ஒவ்வொரு டேக்கும் சிதைந்துவிடும். முதலில் டாம் மரமாக (டேக்குகளும் எழுத்தும் தனித்தனிக் கணுக்களாக நிற்கும் அமைப்பாக) பிரித்து, டெக்ஸ்ட் கணுக்களை மட்டும் தொட வேண்டும். மாற்று அட்டவணையைப் புதிதாக எழுதத் தேவையில்லை. ஓப்பன்-தமிழ் என்ற பைதான் தொகுப்பில் பாமினிக்கு உரியது இருக்கிறது, அதை ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

மாற்றியவுடன் கட்டுரையாளரிடம் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தட்டப்படும், யூனிகோடில் பின்னால் சேமிக்கப்படும். அட்டவணையில் நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றாவிட்டால் ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ போன்றவை உடைந்துபோகும்.