கோடை வெயிலில் ஆஃப்ரோடு: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

கோடையில் மண்பாதையில் பைக் ஓட்டுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் "தண்ணீர் நிறைய எடுத்துக்கொண்டு போ" என்பதோடு முடிந்துவிடுகிறது. தண்ணீர் வேண்டும்தான். ஆனால் முதுகுப் பையில் பாதித் தண்ணீர் இருக்கும்போதே ஒருவர் சரிந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான், அதனால்தான் இதைத் தொடங்குகிறேன். கை கால் ஓய்வதற்கு முன்பே புத்தி மந்தமாகிவிடுகிறது. வெயிலில் நான் பயப்படுவது அதற்குத்தான்.

இடம் ஒரு வறண்ட ஆற்றுப்படுகை. முழுக்க மணல், நடுநடுவே கூழாங்கல் திட்டு. விடியற்காலையில் கிளம்பியபோது மணலில் இரவு ஈரம் கொஞ்சம் தங்கியிருந்தது, வண்டி மேலே மிதந்துகொண்டு போனது. வெயில் ஏறி அந்த ஈரம் போனதும் அதே மணலில் முன்சக்கரம் புதைய ஆரம்பித்தது. இந்த மாதிரி மணலில் உட்கார முடியாது, எழுந்து நின்றுகொண்டே த்ராட்டிலை, அதாவது ஆக்சிலரேட்டரை, திறந்து பிடித்திருக்க வேண்டும், மூடினால் முன்பக்கம் அமிழ்ந்துவிடும். தசை செலவழிக்கிற சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் வேலையாக மாறும், மிச்சமெல்லாம் சூடு, அந்தச் சூடு வெளியே போகவேண்டிய இடத்தில் நாம் ஹெல்மெட்டும் பாடி ஆர்மரும் முழங்கால் காப்பும் முழங்கால் வரை ஏறிய பூட்ஸும் மாட்டி அடைத்து வைத்திருக்கிறோம்.

எங்களில் நன்றாக ஓட்டுகிறவர், எப்போதும் முன்னால் போகிறவர், கடைசிக்கு வந்திருந்தார். அப்புறம் தேவையே இல்லாத சமதளத்தில் இரண்டு முறை கால் ஊன்றினார். கை காட்டி எல்லாரையும் நிழலில் நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றினார், தண்ணீர் குடித்தார், "நல்லா இருக்கேன், போகலாம்" என்றார். திரும்ப மாட்டும்போதுதான் பார்த்தேன். தாடை வார் இரண்டு வளையத்துக்குள்ளும் போய், மடங்கி, ஒரு வளையம் வழியாகத் திரும்ப வரவேண்டும் அல்லவா? வருடக்கணக்கில் பார்க்காமலே போட்ட வார் அது. வெறும் விரலால் அதை வளையத்துக்கு வெளியே திணித்துக்கொண்டே இருந்தார், திணித்துவிட்டு இழுத்தார், அது கழன்று வந்தது, மறுபடி அதே இடத்தில் திணித்தார். "அண்ணே, எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டேன். வந்த பக்கத்தைக் காட்டினார்.

ஜெர்சியைப் பிழிந்தால் சொட்டும், அவ்வளவு வியர்வை. இதைப் புதிதாக வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். வியர்வை நின்று தோல் வறண்டால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று பலர் நம்புகிறார்கள். உழைப்பால் வருகிற ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்வை ஊற்றிக்கொண்டே இருக்கலாம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவதும், பேச்சிலோ நடத்தையிலோ குழப்பம் வருவதும்தான் அடையாளம், நடுக்காட்டில் உள்வெப்பத்தை அளக்க வழியில்லை, ஆகவே குழப்பத்தைக் கண்டாலே போதும்.

காப்புகளை எல்லாம் உருவினோம். பூட்ஸையும்தான், அது கழற்றுவதற்கு நேரம் பிடித்தது. எங்கள் எல்லார் பையிலும் இருந்த தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொள்ளாமல் அவர் மேல் ஊற்றினோம், கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, மார்பு, ஊற்றி ஊற்றி ஜெர்சியால் விசிறினோம். ஒருவர் உதவிக்கு வண்டி கூட்டிவரப் போனார். முதலில் குளிர்விப்பது, அப்புறம் கொண்டுபோவது. மருத்துவர்கள் சொல்கிற வரிசை இதுதான், முதல் அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்குவதில்தான் உயிரும் உறுப்புகளும் தப்புகின்றன. குளிர்ந்த நீர்த்தொட்டியில் கழுத்து வரை இறக்குவதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது, தொட்டி இல்லாத இடத்தில் ஊற்றி விசிறுவதுதான் வழி. கொஞ்ச நேரத்தில் பேச்சு தெளிந்தது, "எதுக்கு என்னைப் படுக்க வச்சிருக்கீங்க" என்று கேட்டார். அப்படியும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம், ஏனென்றால் சிறுநீரகமும் கல்லீரலும் அடிபட்டிருந்தால் அது அடுத்த ஓரிரு நாளில்தான் ரத்தப் பரிசோதனையில் முழுதாகத் தெரியும். நல்லபடியாகத் திரும்பி வந்தார்.

அன்றிலிருந்து "நல்லா இருக்கேன்" என்கிற பதிலை எங்கள் குழுவில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏதாவது கேட்போம், கடைசியாக எந்தத் திருப்பம் எடுத்தோம், யார் கடைசியில் வந்தார்கள், இப்படி. பதில் தாமதித்தால் அந்த ஆள் ஓட்டமாட்டார். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுகிறோம், சூடேறிய மண்டையில் எடுக்கிற முடிவை நம்ப முடியாது.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

* * *

தாடை வார் விஷயத்தைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன் நண்பரே. நான் ஓட்டுவது அட்வென்ச்சர் பைக், மணலும் பாறையும் குறைவு, திறந்தவெளியில் நீளமான சரளைப் பாதைதான் அதிகம், எனவே காற்றைப் பற்றி எழுதுகிறேன்.

காற்று பட்டால் குளிரும் என்பது ஒரு எல்லை வரைக்கும்தான். நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாக இருந்தால் வேகமாகப் போகப் போகக் காற்றே நமக்குச் சூட்டை ஏற்றும், நம்மைக் காப்பாற்றுவது வியர்வை ஆவியாவது மட்டும்தான். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துப் போகும், பெரிய அளவு அது. சொட்டிக் கீழே விழுந்த வியர்வை எதையும் எடுத்துப் போகாது, அதனால்தான் புழுக்கமான நாளில் வெப்பமானி குறைவாகக் காட்டினாலும் உடம்பு தவிக்கிறது.

ஒரு வறண்ட நாள், காற்று 40-ஐத் தாண்டியிருந்தது. கூட வந்தவர் ஜாக்கெட்டை இடுப்பு வரை திறந்துவிட்டுக் கொண்டு ஓட்டினார், பார்க்கச் சுகமாகத்தான் இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் அவர் சட்டை ஈரமே இல்லாமல் விறைத்து, முதுகில் வளையம் வளையமாக உப்புப் பூத்திருந்தது, உதடு வெடித்திருந்தது. "வியர்க்கவே இல்லையே" என்றார். வியர்த்தது வியர்த்த கணமே காய்ந்ததால் அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். எவ்வளவு இழந்தோம் என்று தெரியாததால் குடிக்கவும் தோன்றவில்லை. நான் செய்வது: உள்பனியனைத் தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொண்டு, ஜாக்கெட்டின் காற்றுத்துளைகளில் சிலவற்றை மட்டும் திறந்து வைப்பேன். ஈரம் மெதுவாக ஆவியாகும், நெடுநேரம் வரும். வறண்ட காற்றில்தான் இது எடுபடும்.

இன்னொன்று, ஹைட்ரேஷன் பையின் குழாய், முதுகில் மாட்டிக் குழாயில் உறிஞ்சிக் குடிக்கிற தண்ணீர்ப் பை அது. வெளியே தொங்குகிற அந்த நீளத்தில் நிற்கிற தண்ணீர் வெயிலில் சுட்டுவிடும், முதல் வாய் சூடாக வருவதால் பலர் குடிப்பதையே தள்ளிப் போடுகிறார்கள். குடித்து முடித்ததும் குழாயில் ஊதித் தண்ணீரைப் பைக்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள். இரவே பையைப் பாதி நிரப்பிப் படுக்கவைத்து உறையவிட்டு, காலையில் மீதியை ஊற்றினால் நெடுநேரம் குளிர்ச்சி நிற்கும். இந்தப் பை பிறந்ததே ஒரு கோடை வெயிலில்தான். 1989-ல் டெக்சாஸில் ஹாட்டர் தேன் ஹெல் ஹண்ட்ரட் என்கிற 100 மைல் சைக்கிள் ஓட்டத்தில், ஆம்புலன்ஸ் பணியில் இருந்த மைக்கேல் ஐட்சன் சலைன் பையில் தண்ணீர் நிரப்பி, காலுறைக்குள் போட்டு, சட்டை முதுகில் வைத்துக்கொண்டு குழாயைத் தோள் மேல் கொண்டுவந்தார். கேமல்பேக் என்கிற தண்ணீர்ப் பை பிராண்ட் அதிலிருந்து வந்ததுதான். ஓட்டத்தின் நடுவே கையை எடுக்காமல் குடிக்க முடிகிறது என்பது நமக்கு எவ்வளவு பெரிய உதவி என்று மணலில் ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

* * *

ஆளைப் பற்றி எல்லாரும் எழுதுகிறீர்கள், நான் வண்டியைப் பற்றி எழுதுகிறேன். அண்ணனும் நானும் சேர்ந்துதான் ஓட்டுவோம், இரண்டும் என்டியூரோ வண்டி, கரடுமுரடான பாதைக்கென்றே செய்த பைக்.

பாறை ஏற்றம், முதல் கியர், நடைவேகம். ரேடியேட்டர் மேல் காற்றே படாது, கிளட்சைப் பாதி பிடித்துப் பிடித்து ஏறுவதால் எஞ்சின் ஆயிலும் சூடேறும். என் வண்டியில் விசிறி இருந்தது, அண்ணன் வண்டியில் இல்லை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே அவன் கூலன்ட் நிரம்பி வழிகிற குழாய் வழியாக ஆவி விட்டது. நிறுத்தினோம். ரேடியேட்டர் மூடியை யாரும் தொடவில்லை, அழுத்தம் இருப்பதால்தான் உள்ளே இருப்பது நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது, திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். இது எல்லாருக்கும் தெரியும்.

பெட்ரோல் டேங்க் விஷயம் பலருக்குத் தெரியாது. நின்ற நேரத்தில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது பார்க்கலாம் என்று அண்ணன் டேங்க் மூடியில் கை வைத்தான். கால் திருப்புகூட இருக்காது, உஸ்ஸென்று சீறியது. "திறக்காதண்ணா!" என்று கத்தினேன், சட்டென்று திருப்பி மூடிவிட்டான். மூடியின் காற்றுக்குழாய் நுனியில் மண் அடைத்திருந்தது. டேங்க் எஞ்சினுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது, பெட்ரோலில் இருக்கிற லேசான பொருட்கள் 40 டிகிரிக்குள்ளேயே கொதிக்க ஆரம்பித்துவிடும், அடைத்த டேங்கில் அந்த ஆவி எங்கே போகும்? முழுதாகத் திறந்திருந்தால் பெட்ரோல் பீச்சியடித்துச் சூடான சைலன்சர் குழாய் மேல் விழுந்திருக்கும். காற்றுக்குழாயைத் துடைத்துவிட்டு, எஞ்சின் ஆறும் வரை தள்ளிப்போய் உட்கார்ந்தோம். இப்போது கிளம்பும் முன் அந்தக் குழாயை ஒரு முறை ஊதிப் பார்க்காமல் நான் போவதில்லை.

இறக்கத்தில் பின்பிரேக். இதையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் இறங்கிக்கொண்டிருந்த ஒருவருக்குப் பெடல் அடிவரை போய்விட்டது, பிடிப்பே இல்லை. சோர்ந்துபோன கால் பெடல் மேலேயே கிடந்தால் பிரேக் ஃப்ளூயிட் கொதித்துக் குமிழி விடும், குமிழி அமுங்கும், பிரேக் பிடிக்காது. டாட் 4 என்கிற தரத்து பிரேக் ஃப்ளூயிட் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி வரை தாங்கும், ஈரம் உறிஞ்சிய பழைய ஃப்ளூயிட் என்றால் கணக்கு 155 ஆகிவிடும். கோடைக்கு முன் மாற்றிவிடுங்கள். அவர் முன்பிரேக்கிலும் எஞ்சின் பிடிப்பிலும் சமாளித்து ஓரம் கட்டினார், ஆறியதும் பெடல் திரும்ப வந்தது.

* * *

அக்கா சொன்ன டேங்க் விஷயம் எனக்கும் புதிது, நன்றி.

தண்ணீர் பற்றி எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது. புதியவர்களுக்கான பயிற்சி நாள் ஒன்றில் உதவிக்கு நின்றேன். ஒரு தம்பி சொன்ன சொல் தவறாதவன், "குடித்துக்கொண்டே இரு" என்று யாரோ சொன்னதற்காகக் காலையிலிருந்து வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளினான். மதியத்துக்கு மேல் தலைவலி, வாந்தி. நீர்வற்றல் என்று நினைத்து இன்னொரு பாட்டிலை நீட்டினார்கள். முதலுதவிக்கு இருந்த செவிலியர் அதைத் தடுத்தார், அவன் விரலைக் காட்டினார், காலையில் சுழன்றுகொண்டிருந்த மோதிரம் சதைக்குள் இறுகிப் போயிருந்தது. மருத்துவமனையில் ரத்தத்தில் சோடியம் குறைவு என்று சொன்னார்கள். வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது, தண்ணீரை மட்டும் திருப்பிக் கொடுத்தால் இருக்கிற உப்பும் நீர்த்துவிடும், மிஞ்சினால் மூளை வீங்கி வலிப்பு வரை போகும்.

அதனால் நீண்ட நாளில் என் பையில் ஓஆர்எஸ் பொட்டலம் கட்டாயம் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் சமையல் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், அதோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். குளுக்கோஸ் வெறும் ருசிக்கு இல்லை, குடல் சோடியத்தை உள்ளே இழுக்க அது துணை. தாகத்துக்குக் குடியுங்கள், உப்போடு குடியுங்கள், கணக்கு வைத்துக்கொண்டு திணிக்காதீர்கள்.

வெயிலுக்கு உடம்பு பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் பிடிக்கும். பழகிய உடம்பில் ரத்த நீர் கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அந்த வியர்வையில் உப்பும் குறையும். சில வாரம் விட்டால் எல்லாம் திரும்பப் போய்விடும். கோடையின் முதல் ரைடையே நாள் முழுக்க வைக்காதீர்கள்.

* * *

தொடங்கியவனே மறுபடி எழுதுகிறேன். தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார்: குழுவில் யார் "திரும்பலாம்" என்று சொல்வது, மற்றவர்கள் சம்மதிக்காவிட்டால்? எங்களிடம் யார் சொன்னாலும் திரும்புவோம், காரணம் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த முறை சொல்லத் தயங்குவார்கள்.

பெரிய ரைடர்களே ஒருவரை ஒருவர் விட்டுவிட்டுப் போகாத ஒரு சமயம் உண்டு. 2015-ல் ஆஸ்திரியாவில் நடந்த எர்ஸ்பெர்க் ரோடியோ என்கிற கடினமான ஆஃப்ரோடு பைக் போட்டியில், டவுன்டவுன் என்கிற காட்டு ஏற்றத்தில் முன்னணியில் இருந்த நால்வர், கிரகாம் ஜார்விஸ், ஜானி வாக்கர், அல்ஃப்ரெடோ கோமெஸ், ஆண்ட்ரியாஸ் லெட்டன்பிக்லர், தனித்தனியாக ஏற முடியாமல் திணறினார்கள். போட்டியாளர்களே ஒருவர் வண்டியை மற்றவர் இழுத்துத் தள்ளி ஏற்றிவிட்டார்கள், நால்வரும் சேர்ந்தே முடித்தார்கள், நால்வரையும் கூட்டு வெற்றியாளர்கள் என்று அறிவித்தார்கள். அவர்களுக்கே அது தேவைப்பட்டது என்றால் நமக்கு எவ்வளவு தேவை!

அதோடு ஒரு சின்ன விஷயம், இதை யாரும் இன்னும் எழுதவில்லை. ஓட்டும்போது ஏறுவதைவிட, புதைந்த வண்டியைத் தூக்கும்போதும் தள்ளும்போதும்தான் உடம்புச் சூடு மளமளவென்று ஏறும், அதுவும் காற்றே படாமல். வண்டி புதைந்ததும் எல்லாரும் பரபரவென்று ஓடிப்போய் இழுக்கிறார்கள். எஞ்சினை நிறுத்துங்கள், ஹெல்மெட்டைக் கழற்றுங்கள், நிழல் இருந்தால் அங்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுந்துவந்து, பெல்ட் போட்டு இரண்டு பேராக இழுங்கள். முன் ஃபோர்க்கில் போட்ட பெல்ட்டை இழுக்கிறவரும் பின்னால் தள்ளுகிறவரும் ஒவ்வொரு முறையும் மாறிக்கொள்ளுங்கள்.