சவ்வுக் கொலஸ்ட்ராலை எடுத்ததும் இன்சுலின் சமிக்ஞை விழுகிறது: ராஃப்ட்தான் காரணம் என்று எழுதலாமா?

திருச்சி மாணவி:
முதுகலை உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்காகச் சுண்டெலிக் கொழுப்புச் செல்களில் மெத்தில்-பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரினை 10 மில்லிமோலார் அளவில் அரை மணி நேரம் விட்டுக் கொலஸ்ட்ராலை எடுத்தேன். பிறகு இன்சுலின் கொடுத்தேன். ஏற்பியில் பாஸ்பேட் வழக்கம்போல ஏறுகிறது. ஆனால் அதற்கு அடுத்த கட்டத்திலிருக்கும் ஏகேடி புரதத்தில் ஏறிய பாஸ்பேட்டைக் காட்டும் பட்டை மிகவும் மங்கிவிட்டது. மூன்று முறை செய்தும் இதே விடைதான். "லிப்பிட் ராஃப்ட்கள் கலைந்ததால் சமிக்ஞை நின்றது" என்று எழுதிவிடச் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

விருதுநகர் ஆசிரியர்:
தாராளமாக எழுதலாம், அம்மா. 1997இல் செல் உயிரியலாளர்கள் சைமன்ஸும் ஐகோனனும் சொன்னது இதுதானே? கொலஸ்ட்ராலும் ஸ்பிங்கோலிப்பிடும் நெருங்கிச் சேரும் ராஃப்ட் எனும் சிறு சவ்வுத் திட்டுகளில் சமிக்ஞைப் புரதங்கள் கூடுகின்றன. கொழுப்புச் செல்லின் சவ்வில் கேவியோலா எனும் சிறு குழிகளும் ஏராளம்.

பதினான்கு ஆண்டு சவ்வு ஆய்வில்:
ஐயா சொல்லும் கருத்து முக்கியமானது. ஆனால் இந்தச் சோதனை அதை நிரூபிக்கவில்லை. தங்கையே, உங்கள் தயக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

பிளாஸ்மா சவ்வின் லிப்பிட் மூலக்கூறுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலஸ்ட்ரால். அதை உருவினால் ராஃப்ட் மட்டுமா கலையும்? சவ்வின் இறுக்கம் தளரும், கேவியோலா தட்டையாகும், செல் வெளியிலிருப்பதை உள்ளிழுப்பதும் தடைபடும். சைக்ளோடெக்ஸ்ட்ரின் மிகுந்தால் பாஸ்போலிப்பிடையும் சேர்த்து இழுத்துவிடும். ஆய்வின் முதல் ஆண்டில் நான் ஒரு மணி நேரம் விட்டேன். செல்கள் உருண்டு தட்டிலிருந்து கழன்றிருந்ததைக் கவனிக்கவில்லை. ஆறு மாத வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமான சிசிஎம்பியில் அமிதாப சட்டோபாத்யாய் குழு செய்ததைப் பாருங்கள். மாட்டு மூளையின் ஹிப்போகேம்பஸிலிருந்து எடுத்த சவ்வில் செரோடோனின்-1ஏ ஏற்பியை ஆராய்ந்தார்கள். கொலஸ்ட்ராலை எடுத்ததும் லிகண்டை, அதாவது ஏற்பியில் வந்து ஒட்டும் மூலக்கூறை, பிடிக்கும் திறன் குறைந்தது. திருப்பிக் கொடுத்ததும் மீண்டது. அதோடு நிற்காமல் கொலஸ்ட்ராலுக்குப் பதில் 7-டீஹைட்ரோகொலஸ்ட்ராலைக் கொடுத்தார்கள். வளையத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு கூடுதல், வேறு வித்தியாசமே இல்லை. சவ்வின் ஒழுங்கு மீண்டது, ஏற்பியின் பிடிப்பு மீளவில்லை! அப்படியானால் அங்கே விறைப்பு மட்டும் காரணமல்ல, அந்த மூலக்கூறின் வடிவமே ஏற்பிக்குத் தேவைப்படுகிறது. ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் நோயோடு பிறக்கும் குழந்தைகளின் உடலில் சேர்ந்துவிடுவது இதே 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால்தான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த முடிவை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

நீங்கள் ஆல்ஃபா-சைக்ளோடெக்ஸ்ட்ரினை வைத்து ஒரு கன்ட்ரோல் செய்தீர்களா? அதன் வளையம் சிறியது, கொலஸ்ட்ரால் அதில் சரியாக அமராது. கொலஸ்ட்ரால் ஏற்றிய மெத்தில்-பீட்டாவைக் கொடுத்து மீட்டும் பார்த்தீர்களா? இறந்த செல்லுக்கு நிறமேற்றும் டிரைபான் புளூ சாயத்தில் பார்த்தபோது செல்கள் உயிரோடு இருந்தனவா?

திருச்சி மாணவி:
மூன்றும் செய்திருக்கிறேன், அக்கா. ஆல்ஃபாவில் பட்டை குறையவில்லை. மீட்டபோது பெரும்பாலும் திரும்பிவிட்டது. செல்களும் நன்றாகவே இருந்தன. 7-டீஹைட்ரோ வாங்கத் துறையில் பணம் இல்லை.

பதினான்கு ஆண்டு சவ்வு ஆய்வில்:
அருமை! இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்? "ஏற்பி விழித்தாலும், சவ்வில் கொலஸ்ட்ரால் குறைந்தால் செய்தி ஏகேடிவரை போவதில்லை, திருப்பிக் கொடுத்தால் போகிறது" என்று எழுதுங்கள். உங்கள் தரவு தாங்கும் வாக்கியம் அது. ராஃப்ட், கேவியோலா, புரதத்தோடு நேரடிப் பிணைப்பு ஆகிய மூன்றையும் விவாதப் பகுதியில் வாய்ப்புகளாக வையுங்கள். வாய்மொழித் தேர்வில் கேட்டால் அந்த மீட்புப் பட்டையைக் காட்டுங்கள்.

ஒன்றுதான் பாக்கி. எவ்வளவு கொலஸ்ட்ரால் போயிற்று, எவ்வளவு திரும்பிற்று என்று அளந்த எண் எங்கே? அதே தட்டுகளின் செல் கரைசல் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் மிச்சம் இருக்கிறதா?

திருச்சி மாணவி:
இருக்கிறது, அக்கா. மூன்று முறைக்கும் தனித்தனிக் குழாய்களில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அளந்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.