முதலாளித்துவத்தைத் திட்டும் முதலாளியை எப்படி எடுத்துக்கொள்வது?

செவ்வாய்ப்பேட்டை கணக்கு கேட்டது:

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். கட்டி வெள்ளி எவ்வளவு வந்தது, பற்றவைக்க யாரிடம் எவ்வளவு போனது, கொலுசாக எவ்வளவு திரும்பியது, சேதாரம் எவ்வளவு, எல்லாம் என் நோட்டில்தான்.

எங்கள் முதலாளி நிறையப் படிப்பவர். ஞாயிற்றுக்கிழமை வாசகர் கூட்டங்களில் பேசுவார். உழைப்புக்குக் கூலி, பணத்துக்கு லாபம், இதில் எது வேகமாக வளர்கிறது பாருங்கள் என்று அழகாக விளக்குவார். கைதட்டல் கிடைக்கும்.

வெள்ளி கிலோ லட்ச ரூபாயைத் தாண்டிய சமயத்தில் அவர் பீரோவில் கிடந்த பழைய சரக்கு சும்மா கிடந்தே சம்பாதித்தது. பற்றவைக்கும் பெண்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்ற கூலி பைசா நகரவில்லை. விலையைப் பார்த்துக் கடைக்காரர்கள் ஆர்டரைக் குறைத்ததால் அவர்களுக்கு வேலையும் குறைந்தது. அந்த வாரமும் அவர் கூட்டத்தில் அதே பேச்சைப் பேசினார்!

கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு முன்பணம் கொடுத்தவர். ஆனால் இதைப் பொய் வேஷம் என்பதா, இல்லை சரிதான் என்று விடுவதா? "உள்ளவன் பொழுதுபோக்கு" என்கிறார் என் வீட்டுக்காரர். கட்சிச் சண்டை வேண்டாம், தயவுசெய்து.

அஸ்தம்பட்டி ராஜா:

ஊருக்குத்தான் உபதேசம். அவ்வளவு நம்பிக்கை இருந்தால் பட்டறையைத் தொழிலாளிகள் பெயரில் எழுதி வைக்கட்டும், நானே மாலை வாங்கி வருகிறேன்.

ஏற்காடு பழைய ரைட்டர்:

ராஜா தம்பி, இந்தப் பதில் ரொம்பப் பழையது. அமெரிக்கப் பெரும் பணக்காரர் வாரன் பஃபெட்டுக்கே இதைத்தான் சொன்னார்கள். 2011-இல் அவர் பத்திரிகையில் எழுதினார்: என் வருமானத்தில் 17.4 சதவீதம்தான் வரி கட்டினேன், என் அலுவலகத்தில் மற்றவர்கள் சராசரியாக 36 சதவீதம் கட்டுகிறார்கள், எங்களைப் போன்றவர்களுக்கு வரியை ஏற்றுங்கள் என்று. "அப்படியானால் நீங்களே ஒரு செக் எழுதி அனுப்புங்கள்" என்று பதில் வந்தது. அனுப்பலாம்தான். ஆனால் அவர் கேட்டது தன்னைப் போன்ற எல்லோருக்கும் பொருந்தும் சட்டத்தை. ஒரு செக்கால் சட்டம் மாறாது.

அம்மா, நான் சேர்வராயன் மலையில் காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். செக்ரோல், அதாவது ஆட்களின் வருகையும் கூலியும் பதியும் ஏடு, எழுதிய கை, அதனால் உங்கள் நிலைமை எனக்கு நன்றாகப் புரிகிறது. இரண்டு துரைமார்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் நிறையப் படித்தவர், ஏழைகள் மேல் உருகுவார், கிறிஸ்துமஸுக்குத் தொழிலாளர் லயன் வீடுகள் முழுக்கச் சேலை கொடுப்பார். கூலி உயர்வு பேச எஸ்டேட்காரர்கள் கூடும்போது முதலில் எழுந்து "கட்டுப்படியாகாது" என்பவரும் அவரேதான். இன்னொருவர் வாயைத் திறந்தால் வசவு. ஆனால் அதே கூட்டத்தில் "எல்லாரும் கையெழுத்துப் போட்டால் நானும் போடுகிறேன், முதல் ஆளாகப் போடுகிறேன்" என்றார். நான் மினிட்ஸ் எழுதப் போயிருந்தேன், அதனால் தெரியும். என் கணக்கில் இரண்டாமவர்தான் யோக்கியர்.

தனியாக ஒருத்தர் கூலியை ஏற்றினால் பக்கத்து எஸ்டேட்காரர் மலிவாக விற்று அவரை மூட வைத்துவிடுவார். இது சாக்கு மாதிரித் தெரியும், பாதி உண்மையும் கூட. இதைத் தெரிந்தவர்தான் ராபர்ட் ஓவன். ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் பஞ்சாலையை 1800-இலிருந்து நடத்தினார், அதில் பங்கும் வைத்திருந்தார், நன்றாகவே சம்பாதித்தார். பத்து வயதுக்குக் கீழ் பிள்ளைகளை வேலைக்கு வைக்கவில்லை. அதோடு விடாமல், எல்லா ஆலைக்கும் இதைச் சட்டமாக்குங்கள், நாளுக்குப் பத்தரை மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 1815-இலிருந்து நாடாளுமன்றத்தின் பின்னால் அலைந்தார். மற்ற ஆலைக்காரர்கள் எதிர்த்தார்கள். 1819-இல் வந்த சட்டம் தேய்ந்துபோய்த்தான் வந்தது: பஞ்சாலைக்கு மட்டும், வயது ஒன்பது, நேரம் பன்னிரண்டு மணி. இருந்தாலும் தன் கையையும் கட்டும் கயிற்றை அவரே கேட்டார் பாருங்கள்.

கார்ல் மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் பற்றியும் யாராவது கேட்பீர்கள். மான்செஸ்டரில் அப்பா பங்குதாரராக இருந்த பஞ்சாலைக் கம்பெனியில் 1850 முதல் 1869 வரை வேலை, கடைசியில் அவரும் பங்குதாரர், ஓய்வுக்கு நரி வேட்டை. அந்தப் பணத்தில்தான் மார்க்ஸ் குடும்பத்தில் அடுப்பு எரிந்தது. எனக்கு அவரைப் பிடிக்கும், ஆனால் ஓவன் அளவுக்கு இல்லை.

நம் ஊர்க் கதையும் உண்டு. சேலம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு யார் பெயர்? மோகன் குமாரமங்கலம். ஜமீன் வீட்டுப் பிள்ளை, ஈட்டன், கேம்பிரிட்ஜ் படிப்பு, பிறகு கம்யூனிஸ்ட், அப்புறம் காங்கிரசுக்குப் போய் இந்திரா காந்தி அமைச்சரவையில் எஃகு, சுரங்கம். நிலக்கரிச் சுரங்கங்கள் அரசுடைமை ஆனது அவர் காலத்தில்தான்.

அஸ்தம்பட்டி ராஜா:

ஐயா, சுரங்கம் அவர் வீட்டுச் சொத்து இல்லையே!

ஏற்காடு பழைய ரைட்டர்:

அதுவும் நியாயம். அந்த உதாரணத்தை விட்டுவிடலாம்.

ஐந்து ரோடு ஆடிட்டர் ஆபீஸ்:

ஒரே ஒரு விஷயம். வாரிசுகளுக்குப் போகும் சொத்து மேல் இருந்த எஸ்டேட் வரியை 1985-இல் எடுத்துவிட்டார்கள். செல்வ வரி 2015 பட்ஜெட்டோடு போனது. அவற்றைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசுவாரா என்று கேளுங்கள். மற்றபடி யாரும் சுத்தம் இல்லை. நம் பிஎஃப் பணத்திலேயே ஒரு பகுதி 2015-இலிருந்து பங்குச் சந்தைக்குப் போகிறது.

சிவதாபுரம் பற்றவைப்பு:

இவ்வளவு பெரிய ஆட்களை எல்லாம் எனக்குத் தெரியாது அக்கா. நான் கொலுசு பற்றவைக்கிறேன். உங்கள் முதலாளி சேதாரத்தை எந்த விலைக்குப் பிடிக்கிறார், அதை மட்டும் சொல்லுங்கள். நாங்கள் வேலை செய்யும் இடத்தில் கூலி பழைய ரேட்டு. அனுமதித்த சேதாரத்துக்கு மேல் ஒரு கிராம் குறைந்தாலும் கூலியில் கழிப்பது இன்றைய வெள்ளி விலைக்கு. பொடியில் போனதா, நெருப்பில் போனதா என்று யாருக்குத் தெரியும்? விலை ஏற ஏற அவருக்குச் சரக்கில் லாபம், எங்களுக்கு அதே விலையில் கழிவு. பேச்சு நல்லவராக இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. கழிவை, வெள்ளியை அவர் வாங்கின விலைக்குப் போடச் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை கணக்கு:

இங்கேயும் அன்றைய விலைக்குத்தான் கழிக்கிறோம். அவர் சொல்லிச் செய்தது இல்லை, முன்பிருந்தே அப்படித்தான் வழக்கம், யாரும் கேட்டதில்லை. இந்த வருடத்துக் கழிவை வாங்கின விலைக்குப் போட்டால் யார் யாருக்கு எவ்வளவு திரும்ப வர வேண்டும் என்று ஒரு தாள் தயார் செய்கிறேன். திங்கட்கிழமை அவர் மேசையில் வைத்துவிடுவேன்.

ரைட்டர் ஐயா சொன்னபடி பார்த்தால், தனியாக இவர் மட்டும் மாற்றுவார் என்று எதிர்பார்க்க முடியாது, பட்டறைக்காரர்கள் கூடும்போது பேச வேண்டும். சிவதாபுரம் தங்கச்சி, வாங்கின விலைக்குக் கழிக்கும் பட்டறை ஒன்றாவது உங்கள் பக்கம் இருக்கிறதா? இருந்தால் தாளோடு அதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.