13 ஆட்டமும் ஜெயித்த ஃபுளோரிடா ஸ்டேட்டை 2023ல் வெளியே நிறுத்தியது சரியா?

நாலாம்_டவுன்:
பழைய பஞ்சாயத்துதான், தெரியும். ஆனால் "63-3ல் தோற்ற அணிக்கு என்ன நியாயம் கேட்கிறீர்கள்" என்று, அந்த சீசன் கடைசியில் ஜார்ஜியாவிடம் வாங்கியதைக் குத்திக்காட்டி ஒருவர் எழுதிவிட்டுப் போனார், அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது) 2023 சீசனில் எங்கள் ஃபுளோரிடா ஸ்டேட் 13 ஆட்டம் ஆடி 13ம் ஜெயித்தது, ஏசிசி என்ற கான்ஃபரன்ஸின் (கல்லூரி அணிகளின் லீக்) சாம்பியன். டிசம்பர் 3 அன்று தேர்வுக் குழு பிளேஆஃபுக்கு (தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் நாக்-அவுட் சுற்று) அறிவித்த நான்கு அணிகள் மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ், அலபாமா. கடைசி இரண்டும் ஆளுக்கு ஒரு ஆட்டம் தோற்றவை. எங்களுக்கு ஐந்தாவது இடம். நான்கு அணி முறை இருந்த பத்து சீசனில், பெரிய ஐந்து கான்ஃபரன்ஸில் ஒன்றின் சாம்பியன் ஒரு தோல்வி கூட இல்லாமல் வெளியே நின்றது இந்த ஒரு தடவைதான்.

கணக்குப்பிள்ளை:
முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டீர்களே. நவம்பர் 18 அன்று வடக்கு அலபாமா அணியோடு ஆடும்போது உங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜோர்டன் டிராவிஸுக்குக் காலில் பலத்த காயம். குவார்ட்டர்பேக் இல்லாத அணி வேறு அணி. வீரர் காயத்தால் இல்லாமல் போனால் அதைக் கணக்கில் எடுக்கலாம் என்று குழுவின் விதிமுறையிலேயே இருக்கிறது. அவர்கள் தேடியது "சிறந்த நான்கு", "அதிகம் ஜெயித்த நான்கு" இல்லை.

நாலாம்_டவுன்:
அந்த ஆட்டத்தை நான் நேரலையில் பார்த்தேன். டிராவிஸைத் தூக்கிப்போக வண்டி மைதானத்துக்குள் வந்தபோது மொத்த அணியும் அவரைச் சுற்றி வந்து நின்றது, அரங்கமே அடங்கிப்போனது. அதன் பிறகும் 58-13. அடுத்த வாரம் ஃபுளோரிடாவிடம் 12-0 பின்தங்கி, இரண்டாம் குவார்ட்டர்பேக் ரோடமேக்கரை வைத்து 24-15. அவருக்கும் தலையில் அடி. அதனால் லூயிவில்லோடு கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் மூன்றாவது ஆள், முதலாண்டு மாணவன் பிராக் க்ளென், அதிலும் 16-6. மூன்று குவார்ட்டர்பேக்கை வைத்து மூன்று வெற்றி. இதற்கு மேல் என்னதான் நிரூபிக்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
அந்த 16-6ஐப் பாருங்கள் நண்பரே. க்ளென் 21 முறை எறிந்து 8தான் சேர்ந்தது, மொத்தம் 55 யார்டு. மொத்த ஆட்டத்திலும் ஒரே ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது), அதுவும் பந்தை நேராக ஓட்டக்காரர் டோஃபிலியிடம் கொடுத்து அவர் 73 யார்டு ஓடியதால் வந்தது. இதை வைத்துக்கொண்டு மிச்சிகன் தடுப்பு வரிசையோடு மோதுவதா?

நாலாம்_டவுன்:
லூயிவில்லும் 188 யார்டுதானே எடுத்தது? எங்கள் தடுப்பாட்டத்தைப் பற்றி மட்டும் யாரும் வாயே திறக்க மாட்டீர்கள். சரி, 2014க்கு வாருங்கள். ஒஹாயோ ஸ்டேட்டும் மூன்றாவது குவார்ட்டர்பேக் கார்டேல் ஜோன்ஸை வைத்துதான் உள்ளே போனது. அலபாமாவை 42-35, ஆரிகனை 42-20, கையில் கோப்பை. அந்த வருடம் இந்த விதிமுறை தூங்கிக்கொண்டிருந்ததா?

கணக்குப்பிள்ளை:
ஜோன்ஸ் தொடக்கத்திலிருந்தே இறங்கிய தன் முதல் ஆட்டத்திலேயே விஸ்கான்சினை 59-0 அடித்துவிட்டு வந்தவர். 55 யார்டு எறிந்துவிட்டு வரவில்லை.

புதுசா_பார்க்கிறவன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஜெயித்தால் புள்ளி, புள்ளி இருந்தால் மேலே, இவ்வளவுதானே விளையாட்டு? அறைக்குள் 13 பேர் உட்கார்ந்து முடிவு செய்வதா? கிரிக்கெட்டில் ரன் ரேட்டுக்கே இவ்வளவு அடித்துக்கொள்கிறோம்.

ஓரத்துஇருக்கை:
தம்பி, 130க்கும் மேற்பட்ட அணிகள், ஆளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று ஆட்டம், பாதிப் பேர் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. புள்ளிப் பட்டியல் போட்டால் சுலபமான ஆட்டங்களாகப் பார்த்து வைத்துக்கொள்கிறவன்தான் முதலில் வருவான். நான் இருவர் பக்கமும் இல்லை, ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு அதிர்ஷ்டமும் இருந்தது. பாஸ்டன் காலேஜோடு 31-29. கிளெம்சன் கடைசி நிமிடங்களில் 29 யார்டு ஃபீல்டு கோலை (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) கோட்டைவிட்டதால்தான் கூடுதல் நேரம், அப்புறம் 31-24.

நாலாம்_டவுன்:
அதிர்ஷ்டம் பற்றி அலபாமா ரசிகர்களிடம் போய்க் கேளுங்கள் அண்ணே! ஆபர்னோடு நான்காவது டவுன் (கடைசி முயற்சி), எல்லைக்கு 31 யார்டு, அங்கிருந்து மில்ரோ எறிந்து பாண்ட் பிடித்து 27-24. தெற்கு ஃபுளோரிடாவை ஜெயித்ததும் வெறும் 17-3தான். அவர்கள் தப்பித்தால் வீரம், நாங்கள் தப்பித்தால் அதிர்ஷ்டம்.

கணக்குப்பிள்ளை:
அதே அலபாமாதான் 29 ஆட்டமாகத் தோற்காத ஜார்ஜியாவை 27-24 வீழ்த்தியது. அந்த ஜார்ஜியாதான் பிளேஆஃபில் சேராத ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் உங்களை 63-3 அடித்தது. இடைவேளையிலேயே 42-3.

நாலாம்_டவுன்:
பிளேஆஃப் கதவைச் சாத்திய பிறகு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஆடவே இல்லை. சிலர் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்குக்குத் தயாராகப் போனார்கள், சிலர் வேறு கல்லூரிக்கு, ரோடமேக்கர் உட்பட. சட்டைதான் ஃபுளோரிடா ஸ்டேட், உள்ளே இருந்தது வேறு ஆட்கள். டிசம்பர் 30ல் நடந்ததைக் காட்டி டிசம்பர் 3ல் எடுத்த முடிவு சரி என்பது எந்த ஊர்க் கணக்கு?

ஓரத்துஇருக்கை:
இது ஒத்துக்கொள்ள வேண்டிய பேச்சு. 63-3ஐ விட்டுவிட்டுப் பேசுங்கள் கணக்குப்பிள்ளை.

கணக்குப்பிள்ளை:
சரி, விட்டேன். இப்போது நீங்கள் குழுவில் இருக்கிறீர்கள், யாரை வெளியே தள்ளுவீர்கள்? டெக்சஸைத் தள்ள முடியாது, அவர்கள் அலபாமாவின் மைதானத்துக்கே போய் 34-24 ஜெயித்தவர்கள். பெயரைச் சொல்லுங்கள்.

நாலாம்_டவுன்:
அலபாமா. யோசிக்கவே வேண்டாம். அலபாமா ஆடும் எஸ்இசி கான்ஃபரன்ஸின் சாம்பியன் இல்லாமல் ஒரு பிளேஆஃபும் நடந்ததில்லை என்ற பழக்கம்தான் குழுவின் கையைக் கட்டியது. டிராவிஸின் கால் அதற்குக் கிடைத்த சாக்கு.

கணக்குப்பிள்ளை:
அந்த அலபாமா மிச்சிகனிடம் கூடுதல் நேரம் வரை போய் 27-20தான் தோற்றது. கடைசி நான்காவது டவுனில் எல்லைக்கு 3 யார்டு பாக்கி. நீங்கள் அந்த இடம் வரை போயிருப்பீர்களா?

நாலாம்_டவுன்:
தெரியாது. க்ளெனை வைத்து 10-3 தோற்றிருக்கலாம், 40-0வும் வாங்கியிருக்கலாம்.

புதுசா_பார்க்கிறவன்:
இப்போதும் நான்கு அணிதானா?

ஓரத்துஇருக்கை:
2024லிருந்து பன்னிரண்டு. அந்த வருடம் ஃபுளோரிடா ஸ்டேட் 2 ஜெயித்து 10 தோற்றது, அதனால் சண்டைக்கே வேலை இல்லாமல் போனது.

நாலாம்_டவுன்:
அண்ணே, அதைக் கடைசியில் சொல்லித்தான் ஆக வேண்டுமா?