கலைச்சொல் உதவி: கல்லீரல் மாற்றுக்குக் காத்திருப்போரின் இரத்தத்தில் பார்க்கும் ‘பெத்’

குழுவினருக்கு வணக்கம்.

கல்லீரல் மாற்று அறுவைக்குக் காத்திருப்பவர்களுக்காக ஒரு மருத்துவமனைக்குத் தமிழில் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கம் தடையில்லாமல் ஓடியது, மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன். குடியால் கல்லீரல் கெட்டவர்களுக்கு அவ்வப்போது ஓர் இரத்தச் சோதனை எடுக்கிறார்கள். அதில் அளக்கும் பொருளின் பெயர் பாஸ்பாட்டிடைல் எத்தனால். வாய்க்குள் நுழையாததால் எல்லோருக்கும் அது ‘பெத்’.

பழைய கையேட்டில் ‘மது அருந்தியோரைக் கண்டறியும் சோதனை’ என்று போட்டிருந்தார்கள். போன வாரம் ஓர் அம்மா அதை விரல் வைத்துப் படித்துவிட்டு, “எட்டு மாசமா அவர் தொடவே இல்லை. குடிச்சார்னு இதுல எழுதியிருக்கே?” என்று கேட்டார். பக்கத்தில் கணவர் செருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ராத்திரி ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி ஊதச் சொல்வார்களே, அந்தத் தொனி அந்தத் தொடரில் இருக்கிறது.

என் கையில் இருப்பவை: மதுத்தடயம், மதுவெச்சம், மது உயிர்க்குறிப்பான் (பயோமார்க்கர்), மதுச்சுவடு. எது சரி? அடித்துத் திருத்துங்கள்.

---

அக்காவுக்கு,

> மதுத்தடயம், மதுவெச்சம்

தடயம் வேண்டாம். தடய அறிவியல் என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லைக் கொலை வழக்குக்கே எழுதிவைத்துவிட்டோம். எச்சத்தைக் கேட்டால் இலக்கணம் படித்தவருக்குப் பெயரெச்சம், மற்றவர்களுக்குக் காக்கை.

இன்னொரு காரணம் பொருள் சார்ந்தது. ஆய்வுக்கூடத்தில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். செல் சவ்வில் இருக்கும் ஒரு கொழுப்பை பாஸ்போலைப்பேஸ் டி என்ற நொதி வெட்டும். வெட்டிய இடத்தில் வழக்கமாகத் தண்ணீரைச் சேர்க்கும். பக்கத்தில் எத்தனால் இருந்தால் தண்ணீரை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் புதிதாக உண்டாவதுதான் பெத். ஆகவே அது குடித்ததில் மிஞ்சியது இல்லை, மது வந்துபோனதால் உண்டானது. மது சில மணி நேரத்தில் இரத்தத்தை விட்டுப் போய்விடும். சிவப்பணுவின் சவ்வில் இருக்கும் பெத், குடித்த அளவைப் பொறுத்து, 2 முதல் 4 வாரம் வரை அகப்படும்.

அதனால் என் ஓட்டு சுவடுக்கு. கால் போன பிறகும் மண்ணில் இருப்பது, நாளாக ஆக அழிவது. ஆழமாகப் பதிந்தால் கூடுதல் நாள் நிற்பது. மூன்றும் பொருந்துகின்றன.

ஏன் இந்தச் சோதனை என்பதையும் கையேட்டில் சொல்லுங்கள். ஜிஜிடி என்ற பழைய சோதனை, கல்லீரல் நோய் எதுவானாலும் ஏறும், குடித்தாலும் ஏறும். சிடிடி என்ற இன்னொரு இரத்தச் சோதனை, கல்லீரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் முற்றியவர்களிடம் குழப்பும். சிறுநீரில் பார்க்கும் எத்தில் குளுக்குரோனைடு சில நாள்தான் தாங்கும், மது கலந்த வாய்கொப்பளிப்பான்கூட அதை ஏமாற்றலாம். பெத்துக்குக் கல்லீரல் நோய் பெரிய இடைஞ்சல் இல்லை. பொதுவாக ஒரு மில்லி இரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் கீழ் இருந்தால் குடிக்கவில்லை, அல்லது மிகக் கொஞ்சம். 200க்கு மேல் போனால் கனத்த குடி.

ஆனால் ஒன்று. காத்திருப்பவர்களுக்கு அடிக்கடி இரத்தம் ஏற்றுவோம். கொடுத்தவர் குடித்திருந்தால் அவருடைய பெத்தும் கூடவே வரும். சுவடு இருக்கிறது என்று மட்டும்தான் தாள் சொல்லும். யாருடைய கால் என்பதை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

---

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம்.

சுவடு நல்ல சொல். ‘மது’தான் எனக்கு இடறுகிறது. எங்கள் பாடநூல்களில் மதுசாரம், குருதி, ஈரல் என்றே பழக்கம். மது என்றால் தேனும்தான். சித்த வைத்தியர் ஒருவருக்கு மதுமேகம் என்பது நீரிழிவு. மதுச்சுவட்டை அவர் சர்க்கரைக் கணக்கு என்று வாசித்தால் என்ன செய்வீர்கள்? ‘மதுசாரச் சுவடு’ என்று ஏன் வைக்கக்கூடாது?

---

> சர்க்கரைக் கணக்கு என்று வாசித்தால்

ஐயா, இடறல் நியாயம்தான். ஆனால் இந்தக் கையேட்டைப் படிக்கப்போகிறவர், புட்டியின் மேல் ஒட்டிய எச்சரிக்கையில் ‘மது’ என்ற சொல்லை ஆயிரம் முறை பார்த்தவர். அவருக்குக் குழப்பமே வராது. வேதியியல் பாடத்துக்கு மதுசாரம் இருக்கட்டும், உங்கள் பக்கத்துக் கையேட்டுக்கும் அதுவே இருக்கட்டும். சுவடு இரண்டுக்கும் பொது.

கொசுறாக ஒன்று: குடிக்காமல் இருப்பதற்கு ‘மதுவிலக்கு’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள். இங்கே தமிழ்நாட்டில் அது அரசுத் துறையின் பெயர், மதுக்கடைகள் அந்தத் துறையின் கீழேதான் வருகின்றன. ‘குடிநிறுத்தம்’ போதும்.

---

மீண்டும் நான்தான். எல்லோருக்கும் நன்றி. உயிர்க்குறிப்பானை விட்டுவிடுகிறேன். பொதுச்சொல்லாக அது இருக்கட்டும், நோயாளி கையில் கொடுக்கும் தாளில் வேண்டாம்.

இன்னும் இரண்டு முடிச்சு இருந்தது. ஒன்று, மாற்றுக்குத் தகுதி பார்க்கப்படுபவர். அகராதியை நம்பினால் ‘வேட்பாளர்’ என்று வருகிறது. கல்லீரலுக்கு வேட்புமனுத் தாக்கல் செய்யச் சொல்கிற மாதிரி இருக்கிறது. ‘காத்திருப்போர்’ என்றே எழுதிவிட்டேன்.

இரண்டாவது ‘கண்காணிப்பு’. சுவரில் மாட்டிய கேமராவும் அதைத்தான் செய்கிறது. மருத்துவர்களிடம் கேட்டேன். 6 மாதம் குடிக்காமல் இருந்தால்தான் மாற்றுப் பட்டியலில் இடம் என்ற பழைய கணக்கு இப்போது பல இடங்களில் தளர்ந்துவருகிறதாம். 2011இல் பிரான்ஸ், பெல்ஜியம் மருத்துவர்கள், மருந்துக்குக் கட்டுப்படாத கடும் மது ஈரல் அழற்சிக்காரர்களில் தேர்ந்தெடுத்த 26 பேருக்கு, அந்தக் காத்திருப்பு இல்லாமலே மாற்று செய்தார்கள். 6 மாத முடிவில் உயிரோடிருந்தவர்கள் 77 சதவீதம். மாற்று கிடைக்காத ஒத்த நோயாளிகளில் 23 சதவீதம். ஆறு மாதம் காத்திரு என்று சொல்ல முடியாதவருக்கு, மாற்றுக்கு முன்னும் பின்னும் சோதனை தொடரும். மீண்டும் தொட்டுவிட்டால் சீக்கிரம் தெரிந்து கைகொடுக்கத்தான் அது என்றார் ஒருவர். அதற்குப் போய் வேவு பார்க்கிற சொல் எதற்கு?

வார்டிலேயே விடை கிடைத்தது. “சுகர் பார்த்தாச்சா, பிரஷர் பார்த்தாச்சா” என்றுதான் செவிலியர் கேட்கிறார்கள். அப்படியானால் ‘சுவடு பார்த்தல்’ போதும். தாளில் இப்போது இருப்பது இது:

“உங்கள் இரத்தத்தில் மதுச்சுவடு மாதம் ஒருமுறை பார்க்கப்படும். கடைசியாக இரத்தம் ஏற்றிய தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள்.”

கீழே ஒரு கட்டம்: சுவடு பார்த்த தேதி, அளவு, இரத்தம் ஏற்றிய தேதி. கடைசி நெடுவரிசை ஆய்வுக்கூடத் தம்பியின் உபயம்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. போன முறை அச்சகம் ஒற்றெழுத்தையெல்லாம் விழுங்கிவிட்டது. இந்த முறை ‘மதுச்சுவடு’ நடுவில் உள்ள ச்-ஐச் சிவப்பு மையில் வட்டமிட்டு அனுப்பப் போகிறேன்.