யானைத் துவக்கின் வலுவை அளந்தால் கணக்கு ஏன் பிழைக்கிறது?

உப்புவெளி வாசகர்:
வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக் காடுகளில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கரிடம் 21 இறாத்தல் நிறையும் 36 அங்குலக் குழலும் கொண்ட றைபிள் ஒன்று இருந்ததாகப் படித்த நாள் முதல், இத்தகைய பெருந்துளைத் துவக்குகளின் வலுவை எப்படிச் சோதித்தார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மகளின் உயர்தரப் பௌதிகவியல் புத்தகத்தில் ஊசலை வைத்துச் சன்னத்தின் வேகத்தை அளக்கும் கணக்கொன்றைக் கண்டதும், பிற்காலத்து 600 நைட்ரோ எக்ஸ்பிரஸ் துவக்கை எடுத்து நானும் கணக்கிட்டேன். அதன் சன்னம் 900 கிரேன், அதாவது 58 கிராமுக்குச் சற்று மேல். வேகம் செக்கனுக்கு 1,950 அடி, ஏறத்தாழ 594 மீற்றர். இயக்கசக்தி 10,300 யூல் அளவில் வருகிறது. 3 மீற்றர்க் கயிற்றில் தொங்கும் 100 கிலோகிராம் மரக்குற்றியை இது தாக்கினால், குற்றி பத்தரை மீற்றர் உயர வேண்டும் என்று விடை கிடைக்கிறது. கயிற்றின் நீளமே அவ்வளவு இல்லையே! எங்கே பிழைத்தேன்?

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருகோணமலை நகர்:
நீங்கள் சக்தியை அப்படியே குற்றிக்குக் கொடுத்துவிட்டீர்கள். பரீட்சையில் பிள்ளைகள் ஆண்டுதோறும் விடும் பிழையும் இதுதான். சன்னம் மரத்தினுள் புதைந்து நிற்கும் மோதலில் உந்தம் காக்கப்படுமே தவிர இயக்கசக்தி காக்கப்படாது. உங்கள் சன்னத்தின் உந்தம் 34.6 அலகு, அதை 100 கிலோகிராமுக்குப் பங்கிட்டால் குற்றி செக்கனுக்கு 35 சென்ரிமீற்றர் வேகத்தில்தான் நகரத் தொடங்கும், உயர்வது வெறும் 6 மில்லிமீற்றர். குற்றிக்குக் கிடைத்த சக்தி 6 யூல். மிகுதி முழுவதும் மரத்தைப் பிளப்பதிலும் ஈயத்தை நசுக்குவதிலும் வெப்பமாகவும் போய்விடுகிறது.

6 மில்லிமீற்றரை யார் சரியாக அளப்பார்? அதனால்தான் 1742இல் இந்த ஊசலை விளக்கி எழுதிய பெஞ்சமின் றொபின்ஸ், உயரத்தை விட்டு, ஊசல் பின்னோக்கி வீசும்போது இழுபட்டு வெளிவரும் நாடாவின் நீளத்தை அளந்தார். உங்கள் குற்றி பக்கவாட்டில் 19 சென்ரிமீற்றர் நகரும். அது கண்ணுக்கே தெரியும்.

தம்பலகாமத்தான்:
சேர் சொன்னது வேகத்தை அறியும் வழி. வேட்டைக்காரர் அறிய விரும்பியது வேறு: யானையின் மண்டையோட்டைத் துளைத்து மூளை வரை சன்னம் செல்லுமா என்பது. தூய ஈயம் எலும்பில் பட்டுத் தட்டையாகிவிடும் என்பதால் அக்காலத்தில் வெள்ளீயம் கலந்து கடினமாக்கினார்கள். பின்னர் உலோக உறை போர்த்த சன்னங்கள் வந்தன. ஆகவே ஒரே சக்தியுள்ள இரண்டு சன்னங்களில் ஒன்று பலகை அடுக்கை ஊடுருவிச் செல்ல, மற்றது பாதியில் நின்றுவிடலாம்.

ஆபிரிக்காவில் வேட்டையாடிய ஜோன் ரெய்லர், சன்னத்தின் தாக்குவலுவை ஒப்பிட ஒரு சூத்திரம் வகுத்தார்: கிரேனில் நிறை, அடியில் வேகம், அங்குலத்தில் விட்டம் மூன்றையும் பெருக்கி 7,000ஆல் வகுக்க வேண்டும். 600 நைட்ரோவுக்கு ஏறத்தாழ 155, அதைவிடச் சிறிய துளையுள்ள .375 மக்னம் வேட்டைத் துவக்குக்கு 40 வருகிறது. ஆனால் மணிக்கு 144 கிலோமீற்றர் வேகத்தில் வீசப்படும் கிரிக்கெட் பந்தை இதே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், 128 வரும்! .375ஐப் போல் மூன்று மடங்கு. பந்தால் யானையை வீழ்த்தியவர் எவருமில்லை.

மூதூர் அன்பர்:
இக்காலத்தில் இரண்டு ஒளியுணரிகளுக்கு இடையிலான தூரத்தைச் சன்னம் கடக்கும் நேரத்தைக் கொண்டு வேகத்தை அறிகிறார்கள். குழல்வாயிலிருந்து பீறிடும் வாயு உணரியை ஏமாற்றிவிடும் என்பதால் கருவியைச் சில மீற்றர் தள்ளி வைப்பார்கள். எங்கள் பக்கத்தில் யானை வந்தால் அதை விரட்டக் கொளுத்தும் யானைவெடிதான், துவக்கு இல்லை. ஆகையால் இவையெல்லாம் எனக்கு ஏட்டறிவே.

உப்புவெளி வாசகர்:
மிக்க நன்றி. மகளும் இதே பிழையைத்தான் செய்திருந்தாள். ஒரு சந்தேகம், சேர்: சன்னம் குற்றியில் நிற்காமல் மறுபக்கத்தால் வெளியேறினால்?

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருகோணமலை நகர்:
வெளியேறும் சன்னம் உந்தத்தின் ஒரு பங்கைத் தன்னோடு கொண்டுபோய்விடும். ஊசல் குறைவாக ஆடும், நீங்கள் துவக்கின் வேகத்தையும் குறைவாகவே மதிப்பிடுவீர்கள். முதிரை மரமானாலும் போதிய தடிப்பு வேண்டும். குற்றியின் நடுவில் படாவிட்டாலோ, அது முறுகி ஆடும். அந்த அளவீட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.