எட்டாம் நம்பரை நம்பி இழந்த நகம்

பெசன்ட் நகரிலிருந்து, வயது 47

கல்லூரிக் காலம் முதல் ஷூக் கடைக்காரர் கேட்கும் முன்பே "எட்டு" என்று சொல்லிப் பழகியவன் நான். இரண்டு வருடங்களுக்கு முன் ஓடத் தொடங்கியபோதும் அதே எட்டுதான். எலியட்ஸ் கடற்கரைப் பக்கம் ஐந்து கிலோமீட்டர் ஓடும்வரை ஒன்றும் தெரியவில்லை. பத்தைத் தாண்டிய மாதம் இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்தன. ஒன்று சாக்ஸோடு கழன்று வந்தது. அது முழுதாக வளர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அதன் பிறகுதான் ஷூவின் நாக்குக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்தேன். நம் ஊரில் "எட்டு" என்பது பிரிட்டிஷ் அளவு. ஆண்களுக்கான அந்த எட்டுக்கு நேரே அடிடாஸ் 26.5 செ.மீ. என்று போடுகிறது, நைக்கி 27. ஒரே எண்ணுக்குள் அரை சென்டிமீட்டர் வித்தியாசம்! இனி எனக்கு எண் வேண்டாம், சென்டிமீட்டர் போதும்.

வீட்டிலேயே அளந்துவிடலாம். சுவரோரம் காகிதத்தைப் போட்டு, குதிகால் சுவரில் பட நின்று, நீண்ட விரலின் நுனியில் கோடு போட வேண்டும். மாலையில் அளப்பது நல்லது, நாள் முழுக்க நடந்து கால் சற்று வீங்கியிருக்கும். இரண்டு காலையும் அளக்க வேண்டும். என் இடது கால் கொஞ்சம் பெரியது என்பது 45 வயதில்தான் எனக்கே தெரிந்தது. இப்போது விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்குகிறேன். நகங்கள் பத்திரம்.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள்.

கோவையிலிருந்து

அண்ணா, "நீண்ட விரல்" என்று சொன்னீர்களே, அதற்கு நன்றி. எனக்குக் கட்டைவிரலைவிட இரண்டாம் விரல்தான் நீளம். அப்படி இருந்தால் பெண் புருஷனை ஆட்டிவைப்பாள் என்று பெண் பார்க்க வந்த அன்றே ஒரு பெரியம்மா காதுபடச் சொன்னார். ஆட்சி ஒன்றும் கைக்கு வரவில்லை. ரேஸ் கோர்ஸில் ஓடத் தொடங்கியதும் கொப்புளம்தான் வந்தது, அதுவும் மெட்டி போட்ட அதே விரலில்.

மெட்டியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஓடிப் பார்த்தேன். வீட்டில் அத்தையின் முகம் போன போக்கைப் பார்த்து அதைக் கைவிட்டேன். பிறகுதான் புரிந்தது, குற்றம் மெட்டியில் இல்லை, ஷூவின் முன்பக்கம் குறுகல். பெண்களுக்கான ஷூவை ஆண்களுடையதைவிட ஒடுக்கமாகத்தான் தைக்கிறார்கள். நம்மில் பலருக்கு முன்பாதம் விரிந்த கால்.

அடுத்த முறை நேராக ஆண்கள் பகுதிக்குப் போய் உட்கார்ந்தேன். "மேடம், லேடீஸ் மாடியில்" என்று கடைப் பையன் மூன்று முறை சொன்னான். ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் அட்டையை உருவித் தரையில் போட்டு, அதன் மேல் ஏறி நின்றேன். சதை ஓரத்தில் வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். நான்காவது ஜோடியில் வழியவில்லை. மெல்லிய மெட்டியோடு இப்போது ஓட முடிகிறது.

மதுரையிலிருந்து, வயது 29

எனக்குத் தட்டைப் பாதம், உள்ளங்காலில் வளைவு குறைவு. ஒரு கடையில் ஓடும் இயந்திரத்தில் ஏற்றி வீடியோ எடுத்து, கால் உள்பக்கம் சாய்கிறது என்று சிவப்புக் கோடு போட்டுக் காட்டினார்கள். பயந்துபோய், உள்பக்கம் கட்டையாக முட்டுக் கொடுத்த ஷூவை அரை மாதச் சம்பளத்தில் வாங்கினேன். அதுவரை வலிக்காத உள்ளங்கால் மூன்றே வாரத்தில் வலித்தது.

பிசியோதெரபிஸ்ட் ஒருவர்தான் அமெரிக்க ராணுவ ஆய்வுகளைப் பற்றிச் சொன்னார். 2009, 2010 ஆண்டுகளில் வெளியானவை. புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு வளைவைப் பார்க்காமல் ஒரே வகை ஷூ. காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஈரக்காலைத் தரையில் பதித்து, சுவட்டில் வளைவைப் பார்த்து ஷூ தேர்ந்தெடுக்கும் வித்தையில் எனக்கிருந்த நம்பிக்கை அன்றோடு போயிற்று.

இடையே ஒன்று. கர்நாடகத்தில் 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை எடுத்து 1992இல் வெளியிட்ட ஆய்வில், வெறுங்காலோடு திரிந்தவர்களைவிடச் செருப்பு, ஷூ போட்டு வளர்ந்தவர்களிடம்தான் தட்டைப் பாதம் அதிகம். என் அப்பா பத்து வயதுவரை செருப்பு அறியாதவர், அவர் பாதத்தில் வளைவு வில்லாக நிற்கிறது. எனக்கு எல்.கே.ஜி. முதலே கறுப்பு ஷூ. எங்கள் ஒரு வீட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, ஆனால் அப்பா இதைச் சொல்லிக்காட்டாத வாரமில்லை.

இப்போது முட்டு இல்லாத சாதாரண ஷூதான். கடை வாசலில் இரண்டு நிமிடம் ஓடிப் பார்க்க விடாத கடையில் வாங்குவதில்லை. போட்டுப் பார்த்தால் காலே சொல்லும்.

திருச்சியிலிருந்து, வயது 63

தம்பி, "போட்டுப் பார்த்தால் காலே சொல்லும்" என்பது எனக்கு ஒத்துவராது. பதினெட்டு வருடச் சர்க்கரை, விரல்களில் உணர்ச்சி குறைவு. இறுக்கினாலும் தெரியாது. ஒரு முறை ஷூவுக்குள் சிறு கல் கிடந்ததே தெரியாமல் நடந்து, புண் ஆற இரண்டு மாதம் ஆனது. என்னைப் போன்றவர்கள் மருத்துவரிடம் காலைக் காட்டிவிட்டுக் கடைக்குப் போகட்டும். தினமும் போடும் முன் கையை உள்ளே விட்டுத் துழாவிப் பார்க்கிறேன். கோவைச் சகோதரி சொன்ன அட்டை யோசனை எனக்கு மிகவும் பயன்படும், அதற்குக் கண் போதும்.

பெசன்ட் நகரிலிருந்து மீண்டும்

நானும் அட்டையை உருவி அதன் மேல் நின்று பார்த்தேன். நீளம் சரி. சுண்டுவிரல் பாதி வெளியே தொங்குகிறது. மறுபடியும் கடைக்குப் போக வேண்டும், மாலை ஆறு மணிக்கு மேல்.